கோயம்புத்தூரில் நிற்கும் ஸ்ப்ளெண்டரை மதுரையிலிருந்தே வாங்கலாமா?

பழைய ஹீரோ ஸ்ப்ளெண்டர் ப்ளஸ்ஸை நேரில் பார்க்காமலேயே வாங்கலாம். ஆனால் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும், விற்பவர் நாம் கேட்கிற வீடியோக்களை முகம் சுளிக்காமல் எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம். அதே மாடல் அடுத்த வாரமே இன்னொன்று விற்பனைக்கு வரும்.

ஸ்ப்ளெண்டருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? 97.2 சிசி ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின், நாலு கியர். 1994இல் ஹீரோ ஹோண்டா பெயரில் வந்த நாளிலிருந்து அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று எங்கே போனாலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், உதிரிபாகமும் இருக்கிறது. பிஸ்டன் ரிங் போயிருந்தாலும் டைமிங் செயின் தளர்ந்திருந்தாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலும் செலவு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். இன்ஜினைப் பாதி பிரிக்கிற ஹாஃப் இன்ஜின் வேலை வந்தால்கூட வண்டி விலையில் கால் பங்கைப் பெரும்பாலும் தாண்டாது. இயந்திரக் கோளாறுக்கு இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. காகிதக் கோளாறுக்குக் கிடையாது. கடன் முடியாத வண்டி, திருட்டு வண்டி, ஓனர் இறந்துபோய் வாரிசுகள் கையெழுத்துப் போடாத வண்டி இவற்றில் மாட்டினால் கொடுத்த பணம் முழுவதும் போகும். அதனால் தொலைவிலிருந்து வாங்கும்போது சோதனையை ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வண்டி எண்ணை வாங்கி மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் ஓனர் பெயரின் சில எழுத்துகள், பதிவு தேதி, பதிவு செய்த அலுவலகம், எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் கொடுத்த நிறுவனம் ஆகியவை தெரியும். மதுரை வண்டி என்றால் டிஎன் 58, 59, 64. கோயம்புத்தூர் என்றால் டிஎன் 37, 38, 66. கடன் பகுதியில் நிறுவனத்தின் பெயர் நின்றால், "அதெல்லாம் கட்டி முடிச்சாச்சு சார்" என்ற வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நிறுவனம் கொடுத்த தடையின்மைச் சான்றும், கடன் முடிந்ததைச் சொல்லும், கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் 35ம் கையில் இருக்க வேண்டும். அதோடு செயலியிலேயே அந்தப் பெயர் நீங்கியிருந்தால் இன்னும் நல்லது. நிலுவை அபராதத்தை இ-சலான் பக்கத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். திருட்டு வண்டியா என்று தெரிந்துகொள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வாகன் சமன்வய் என்ற வசதி இருக்கிறது. சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் அதில் கொடுத்துத் தேடலாம்.

இந்த இரண்டு எண்களையும் ஆர்.சி. அட்டையிலிருந்து எடுக்கக் கூடாது, வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்ப்ளெண்டரில் சேஸிஸ் எண் ஹேண்டில் தலைப்பகுதியின் வலப்புறம் குத்தப்பட்டிருக்கும். இன்ஜின் எண் இடப்பக்க கிராங்க் கேஸின் அடியில் இருக்கும். துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதன்மேல் வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்டையும் கேட்கலாம். எண்ணைச் சுரண்டி மறுபடி குத்தியிருந்தால் எழுத்துகள் ஒரே வரிசையில் உட்காராது, ஆழமும் மாறும், பிரிண்டில் அது அப்பட்டமாகத் தெரியும்.

சேஸிஸ் எண்ணில் மொத்தம் 17 எழுத்துகளும் எண்களும். ஹீரோ வண்டி எம்பிஎல் என்று தொடங்கும். பஜாஜ் எம்டி2, டிவிஎஸ் எம்டி6, ஹோண்டா எம்இ4, ராயல் என்ஃபீல்டு எம்இ3, யமஹா எம்இ1. பத்தாவது இடத்தில் வருவது ஆண்டைக் குறிக்கும் எழுத்து: ஈ என்றால் 2014, எஃப் 2015, ஜி 2016, எச் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022. இடையில் ஐ வராது. விளம்பரத்தில் 2019 மாடல் என்று எழுதியிருக்க, பத்தாவது எழுத்து ஜி என்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஆண்டு இறுதியில் தயாராகி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பதிவான வண்டிகளில் ஓராண்டு வித்தியாசம் வருவது இயல்பு.

ஆண்டைச் சரிபார்க்கக் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களும் உண்டு. 2017 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் கிடையாது, இன்ஜின் ஓடும்போது விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 2018 மாடல் என்று சொல்லும் வண்டியில் அந்தச் சுவிட்ச் இருந்தால் யாரோ வயரிங்கில் கை வைத்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் இணைப்பு இருக்க வேண்டும். அந்தக் கேபிளைக் கழற்றி விட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லலாம். அதே தேதியிலிருந்துதான் லேசர் எண் பொறித்த உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் புது வண்டிகளுக்குக் கட்டாயமானது. முன் பிளேட் மட்டும் சாதாரணத் தகடாக இருந்தால் முன்பக்கம் ஒரு முறை மோதியிருக்க வாய்ப்பு அதிகம். பிஎஸ்6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகள் 2020 ஏப்ரலிலிருந்து. அவற்றில் கார்புரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான்.

இனி வீடியோ. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வாட்ஸ்அப் வீடியோ காலில் இன்ஜின் சத்தம் கேட்டு முடிவெடுப்பது தவறு. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அழைப்பில் பின்னணி இரைச்சலைக் குறைத்துவிடுகிறார்கள். இன்ஜின் சத்தமும் அந்தக் கணக்கில் இரைச்சல்தான். டைமிங் செயின் கடகடப்பு அங்கே காணாமல் போய், வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுவதாகத் தோன்றும். போனின் கேமராவில் பதிவு செய்து, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது சத்தமும் படமும் அதிகம் சிதையாமல் வரும்.

முதல் வீடியோ காலையில், இரவு முழுக்க நின்ற வண்டியில். வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் அன்றைய நாளிதழையோ நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை எழுதிய தாளையோ நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். அடுத்து இன்ஜின் துடுப்புகளில் சில சொட்டுத் தண்ணீர். சொட்டு அப்படியே நின்றால் இன்ஜின் குளிர்ந்திருக்கிறது. உடனே ஆவியாகிப் பறந்தால் ஏற்கனவே ஓட்டிச் சூடாக்கிவிட்டு உங்களுக்குக் காட்டுகிறார்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிக்கரில் மிதிக்கும்போதுதான் உண்மை வெளியே வரும். கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர் என்றால் சோக் போட்டு இரண்டு மூன்று மிதியில் பிடிக்க வேண்டும். கிக்கர் எதிர்ப்பே காட்டாமல் சரசரவென்று கீழே போனால் கம்ப்ரஷன் குறைந்துவிட்டது. பிஎஸ்6 வண்டியில் சாவி போட்டதும் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கோளாற்றை மறைக்க அந்த விளக்கையே துண்டித்திருக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் கேமரா சைலன்சர் வாய்க்குப் போகட்டும். குளிர்ந்த காலையில் வெள்ளையாக நீராவி வந்து மறைந்தால் ஒன்றுமில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: ஸ்டார்ட் செய்த நொடியில் மட்டும் ஒரு குபுக், பிறகு இல்லை என்றால் வால்வு சீல், ஆக்ஸிலேட்டர் திருகும்போதெல்லாம் வந்தால் ரிங்கும் பிஸ்டனும். முதலாவதைப் பேரம் பேசி வாங்கலாம். இரண்டாவது வந்தால் ஹாஃப் இன்ஜின் வேலைச் செலவைக் கழித்துத்தான் விலை சொல்ல வேண்டும். கறுப்புப் புகை பெரும்பாலும் கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் சமாச்சாரம், சின்னச் செலவு.

இரண்டாவது வீடியோ, இன்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில். போனை முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், ஓர் அடி தூரத்தில் அரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். மேலே ஹெட்டிலிருந்து சீராக டிக்டிக் என்று வந்தால் அது டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, சரிசெய்துவிடலாம். இடப்பக்கம் கரகரவென்று உரசினால் டைமிங் செயின் அல்லது டென்ஷனர். அடியிலிருந்து தடதடவென்று கனமாக வந்தால் கிராங்க் பேரிங் அல்லது கனெக்டிங் ராட். அந்த வண்டி வேண்டாம். இந்த இன்ஜினில் ஆயிலே ஒரு லிட்டரை ஒட்டிய அளவுதான், அதிலும் பாதி வற்றிய பிறகும் ஓட்டிய வண்டிதான் கடைசியில் இப்படிச் சத்தம் போடும்.

மூன்றாவது வீடியோ வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பும்போது அது போய் முட்டுகிற இடத்தை நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். பலமாக மோதிய வண்டியில் அந்த முட்டுகள் நசுங்கியிருக்கும், அல்லது அங்கே புது வெல்டிங்கும் புது பெயின்ட்டும் இருக்கும். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது, அது பெரிய விஷயமில்லை. குழாயே வளைந்திருந்தால் விஷயம் வேறு. சீட்டைக் கழற்றி அதன் கீழே உள்ள சட்டத்தையும் காட்ட வேண்டும். பால் கேன், காய்கறி மூட்டை சுமந்த வண்டிகளில் பின் சட்டத்தில் கேரியருக்காக வெல்டிங் வைத்திருப்பார்கள், விரிசல் விடுவதும் அங்கேதான். நம் பக்கத்துக் கிராமங்களில் இந்த வகை நிறைய ஓடுகிறது. இன்ஜின் கெட்டியாக இருந்தாலும் ஷாக் அப்சார்பரும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷும் காலியாகியிருக்கும்.

நான்காவது, யாராவது ஓட்டிக் காட்டும் வீடியோ. நாலு கியரும் விழ வேண்டும், மேட்டில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரை வைத்து நம்ப வேண்டாம். வேலைக்குப் போய் வருகிற வண்டி நாளுக்கு 25 கிலோமீட்டர் ஓடினாலே ஆண்டுக்கு ஒன்பதாயிரம் தாண்டும். ஏழு வருட வண்டி 18,000 காட்டினால் மற்ற பாகங்களும் அதே கதையைச் சொல்ல வேண்டும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லீவர், கிரிப், செயின் ஸ்ப்ராக்கெட் பற்கள் ஆகியவற்றின் படத்தைக் கேளுங்கள். பற்கள் கொக்கி போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயின் செட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். 15,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பின் டயர் ஏற்கனவே மாறியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். நல்ல ஆதாரம் கம்பெனி சர்வீஸ் சென்டரின் பழைய பில். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நினைவில் இருக்கட்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டி என்றால் அதே 2023 டிசம்பரில் வந்த பெருமழை. தண்ணீரில் மூழ்கிய வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்கிவிடலாம். ஆனால் ஹெட்லைட் உள்ளே, வயரிங் இணைப்புகளின் இடுக்கில் படிந்த வண்டலும் செம்பில் ஏறிய பச்சையும் அவ்வளவு எளிதில் போகாது. ஹெட்லைட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர் வண்டிகளில் சைலன்சரின் அடிப்பகுதி, ஸ்போக்ஸ், ஸ்விங் ஆர்ம் இவற்றில் துரு தேட வேண்டும். பல மாதம் ஓடாமல் நின்ற வண்டி என்றால் டார்ச் அடித்து டேங்க் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். நின்ற வண்டியில் டேங்க் அடியில் துருவும் கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பும் வருவது இதனால்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். கோயம்புத்தூரில் உறவுக்காரர் இருந்தால் அவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும் நஷ்டமில்லை. அந்த மெக்கானிக் விற்பவர் சொன்னவராக இருக்கக் கூடாது. வீடியோவில் பிடிபடாத மூன்றை அவர் கையால் பார்த்துவிட வேண்டும்: முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட், சக்கரங்களை ஆட்டி பேரிங், பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்விங் ஆர்ம். இன்ஜின் போல்ட் தலைகள் வழுக்கியிருந்து, மூடிகளின் ஓரம் கேஸ்கெட் பேஸ்ட் பிதுங்கியிருந்தால் ஏற்கனவே பிரித்த இன்ஜின். யார் பிரித்தார், என்ன மாற்றினார், பில் எங்கே என்று கேட்க வேண்டும்.

மற்ற வண்டிகள்? பிளாட்டினா, சிடி 100, பேஷன், ஷைன் இவற்றை ஏறக்குறைய இதே முறையில் எடுக்கலாம். பல்சர் 150 என்றால் டைமிங் செயின், கோன் செட், ஃபோர்க் சீல் மூன்றையும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். டியூக், ஆர்15, என்எஸ்200 போன்ற வேக வண்டிகளைப் பார்க்காமல் எடுக்கவே கூடாது. எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினார்கள் என்பது எந்த வீடியோவிலும் வராது, உதிரிபாக விலையும் கைக்கு அடங்காது. 2021க்கு முந்தைய 346 சிசி கிளாசிக் 350யும் வேண்டாம். சைலன்சர் மாற்றி, ஹாரன் மாற்றி, விளக்கு மாற்றி வயரிங்கை வெட்டி ஒட்டிய வண்டிகள் அதில் அதிகம். செல்ஃப் ஸ்டார்ட் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கிற ஸ்ப்ராக் கிளட்ச் போயிருந்தால் இன்ஜின் பக்கத்தைப் பிரிக்க வேண்டிவரும்.

விற்பவர் யார் என்பதும் வண்டியின் ஒரு பாகம்தான். முதல் ஓனரே விற்றால் சிறப்பு. கன்சல்டிங் கடை என்றால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய விதிப்படி பழைய வண்டி வியாபாரிக்குப் படிவம் 29பி அங்கீகாரம் வேண்டும், வண்டி அவர் கைக்கு வந்ததைப் படிவம் 29சி மூலம் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். இரண்டின் நகலையும் கேளுங்கள். ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் படிவம் 32, ஓனர் இறந்த வண்டிக்குப் படிவம் 31, சாதாரண விற்பனைக்கு 29ம் 30ம். ஓனரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் பெயர் மாற்ற விண்ணப்பம் நகராது என்பதால், ஆர்.சி.யில் பதிவான எண் இப்போதும் அவரிடம் இருக்கிறதா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். "பேர் மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற விற்பவரிடம் எச்சரிக்கை தேவை. பதிவில் யார் பெயரோ அவரே ஓனர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தால் இழப்பீடு அவர் தலையில் விழும். விவரம் தெரிந்த நேர்மையான விற்பவர் பெயரை மாற்ற நம்மைவிட அவசரப்படுவார்.

ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வண்டியைப் பார்சலில் அனுப்பிவிட்டேன், டெலிவரிக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று சீருடைப் படத்தோடு வரும் செய்தி மோசடி. பணம் பெற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பதும் மோசடியே. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

அட்வான்ஸ் ஆயிரம் ரூபாயைத் தாண்ட வேண்டாம். மீதி, உங்கள் ஆள் வண்டியையும் அசல் ஆர்.சி.யையும் கையொப்பமிட்ட படிவங்களையும் கையில் வாங்கும் நேரத்தில், ஆர்.சி.யில் உள்ள பெயருக்கே வங்கி வழியாகப் போக வேண்டும். அதில் குறைந்தது இரண்டாயிரம் ரூபாயைப் பெயர் மாறும் வரை நிறுத்திவைக்கப் பேசிக்கொள்ளுங்கள். வெளிமாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்று, மறுபதிவு, இங்கே வரி என்று நீண்டுகொண்டே போகும், ஸ்ப்ளெண்டர் விலைக்கு அது கட்டுப்படியாகாது. 15 வருடம் நெருங்கிய வண்டிக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் ஆயிரமும் பசுமை வரியும் சேரும்.

வண்டியை ஓட்டி வருவதானால் பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியே 215 கிலோமீட்டர் அளவு. கிளம்பும் முன் இன்சூரன்ஸ். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வரும். 2019 வண்டிக்கு அது 2024இலேயே முடிந்திருக்கும், பலர் புதுப்பிப்பதில்லை. 75 முதல் 150 சிசி வரை 2022இல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் வரி நீங்கலாக 714 ரூபாய். இல்லாமல் பிடிபட்டால் முதல் முறைக்கே இரண்டாயிரம் அபராதம். காப்பீடு நடப்பில் இருந்தால் 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு பெயர் மாறாமல் கிடைக்காது. ரயில் பார்சல் என்றால் டேங்கைக் காலி செய்து, ஆர்.சி. நகலோடு, இண்டிகேட்டரையும் கண்ணாடியையும் கழற்றிச் சாக்கு கட்டி ஒப்படைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது சாதாரணம். வெள்ளிப் பொடி போல மினுக்கினால் உள்ளே உலோகம் தேய்கிறது, காந்தத்தில் ஒட்டும் சீவல் வந்தால் கியரோ பேரிங்கோ. நிறுத்திவைத்த இரண்டாயிரத்தைப் பற்றி விற்பவரிடம் பேச வேண்டிய நேரம் அது, துணியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.